விக்டோரியா ஏறிய ஐந்து படிகள்

"நீ கெளம்பாதம்மா. சாயங்காலம் தானியேல் ஐயரு ஊட்டுக்கே நற்கருணை எடுத்தாந்து குடுப்பாரு. உன் பேரக் குடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டபடி மகன் எபினேசர் சொன்ன வார்த்தைகள் விக்டோரியாவின் நெஞ்சில் இடியாக இறங்கின.

வீட்டு நற்கருணைப் பட்டியல்! கோயிலுக்கு நடந்து வர முடியாதவர்களுக்குப் பாதிரியார் வீடு தேடி வந்து அப்பம் கொடுப்பதற்காகச் சபை வைத்திருக்கும் பட்டியல். பக்கத்து வீட்டு ஏஞ்சலின் பெயர் போன வருஷம் அதில் ஏறியது. முதலில் கோயிலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். பிறகு கடைக்கு. இப்போது ஏஞ்சலுக்குக் கட்டில்தான் உலகம்.

விக்டோரியாவுக்கு வயது எழுபத்தொன்று. புருஷன் செத்த பிறகு கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருபத்திரண்டு வருஷம் பெருக்கி வாரி, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். சித்திரையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஒடிந்த இடுப்புக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். நான்கு மாதமாக ஊன்றுகோலோடு வாசல் வரைக்கும்தான் நடை. அதற்கு மேல் மகன் விடுவதில்லை.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"இன்னொரு வாட்டி விழுந்தா அவ்ளோதான்னு டாக்டர் சொன்னாரா, இல்லியா?"

"நடக்கச் சொன்னதும் அதே டாக்டர்தான்டா. அது மட்டும் உன் காதுல ஏறலியா?"

"கோயிலுக்கு அஞ்சு படி இருக்கு. எப்டி ஏறுவ?"

"அது என் பேஜாரு. நீ முன்னால போ."

மருமகள் சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவுரு சொல்லி அத்த என்னிக்கி கேட்டாங்க?"

இரண்டே தெரு. கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோயிலுக்குள் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. விக்டோரியா படிகளைப் பார்த்தாள். சலவை செய்த வெள்ளைப் புடவையோடு தெருவைப் பார்த்து முதல் படியில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலை மடியில் கிடத்தி, இரு கைகளையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள்.

கோயில் வாசலில் நின்ற தெருப் பையன் லோகு பதறி ஓடிவந்தான். "ஆயா, தூக்கிடறேன்!"

"தொட்ட, கைய ஒடிச்சிருவேன்! பொணமா போறப்ப தூக்கு."

சத்தம் கேட்டு எபினேசர் வெளியே வந்தான். முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்கம்மா. மானம் போவுது!"

"உன்ன வவுத்துல வச்சிக்கினு செங்கல் தூக்கிச் சாரம் ஏறினேனே, அப்ப எங்கடா போச்சு உன் மானம்?"

அவன் விலகி வழிவிட்டான். மூன்றாம் படியில் வலி உயிரைப் பிடுங்கியது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கக் கைதான் இல்லை. நான்கு. ஐந்து. கதவு நிலையைப் பற்றி, ஊன்றுகோலை ஊன்றி, ஒருவர் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றாள்.

நற்கருணை நேரம் வந்தபோது பலிபீடத்தின் முன் எல்லோரும் முழங்காலிட்டிருந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"முட்டி போட முடியல ஐயரே. நின்னுக்கினே வாங்கிக்கறேன். படுத்துக்கினு மட்டும் வாங்க மாட்டேன்."

தானியேல் ஐயர் அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஆராதனை முடிந்ததும் பட்டியலைப் பிரித்து, அவள் கண்ணெதிரிலேயே அவள் பெயரை அடித்தார்.

ஏறியது போலவே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். எபினேசர் ஆட்டோவோடு காத்திருந்தான்.

"அத அனுப்பிடு. நான் மீன் வாங்கிக்கினு வரேன். சுகிர்தாவ ஒல வைக்கச் சொல்லு."

அவள் மார்க்கெட் பக்கம் திரும்பினாள். பத்தடி பின்னால் மகனின் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏன்டா, எனக்கு வழி தெரியாதா?"

சத்தம் நின்றது. அவள் நடந்தாள்.