என் இந்திய முகவரி இருக்கும் இடம்

"பெறப்படும் ஒவ்வொரு புகாருக்கும் மூன்று வேலை நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரப்படும்." எங்கிருந்தாலும் நமக்கு வேறொரு நாட்டு இணைய முகவரியைத் தரும் வி.பி.என். சேவைக்கு நான் சந்தா கட்டும் நிறுவனத்தின் ஒன்பதாவது விதி இது. அந்த விதிகளை முழுக்கப் படித்த ஒரே சந்தாதாரர் நானாகத்தான் இருப்பேன். எழுதியவர்களே படித்ததாகத் தெரியவில்லை.

நார்வேயில் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். தை மாதத்தில் மாலை நான்கு மணிக்கே வெளியே கும்மிருட்டு, ஜன்னல் விளிம்பில் முழங்கை உயரப் பனி. கணினியில் வி.பி.என்.னைத் தட்டியதும் "நீங்கள் இப்போது இந்தியாவில் இருக்கிறீர்கள்" என்று பச்சை எழுத்தில் வரும். அடுத்து சீலிங் ஃபேன் விளம்பரம். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனையும் ஒரு விளையாட்டுக்காக. நால்வர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் ஆட்டம். அதன் இந்தியப் பதிப்பில் இந்திய இணைய முகவரி உள்ளவர்கள்தான் ஆட முடியும். செஞ்சிக் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் தண்டபாணியும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் கடையடைத்ததும் உட்காருவார்கள். நான்காவது ஆள் நான், வடக்கு வாசல் என் பொறுப்பு. செஞ்சியின் ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்குத் திரையில் கோட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் முட்டிகள் இப்போது ஏறக்கூடியது அந்தத் திரைக் கோட்டையில்தான். பேரப்பிள்ளைகளுக்காக இங்கே வந்துவிட்ட எனக்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பொறுப்பும் அந்த வாசல்தான்.

அதைத்தான் என்னால் காக்க முடியவில்லை. அம்பு விடு என்று நான் தட்டினால் என் வீரன் யோசித்து யோசித்து வில்லைத் தூக்குவான். அதற்குள் எதிரி உள்ளே போய்விடுவான். பிறகு திரை உறையும். "கதிர்வேலு ஆட்டத்தை விட்டு வெளியேறினார்" என்று எல்லோருக்கும் அறிவிப்பு போகும். நாற்காலியை விட்டே எழுந்திராதவனைப் பற்றி இப்படி ஒரு பொய். உடனே போன் வரும்.

"இன்னா மாமா, வாசலத் தொறந்து வுட்டுட்டு எங்க பூட்டீங்க?"

"எங்கயும் போவல தண்டபாணி. லைன் ஸ்லோ."

"நார்வேல லைன் ஸ்லோவா? செஞ்சிலயே பறக்குது! தோக்கப்போற நேரமா பாத்து உங்களுக்கு மட்டும் கட் ஆவுது."

"சீட்டாட்டத்துலயும் இப்படித்தான்டா நடுவுல எழுந்து பூடுவாரு," என்று பக்கத்திலிருந்து அவன் அக்கா, அதாவது என் மனைவி செண்பகம், எடுத்துக்கொடுத்தாள்.

தண்டபாணி கடைசியில் கெடுவே வைத்துவிட்டான். "மாசி அமாவாசையன்னிக்கு புது சீசனுக்கு நாலு பேர் பேரையும் குடுக்கணும். அதுக்குள்ள சரியாவலன்னா உரக்கடை முனுசாமிதான் வாசல்ல. கோச்சிக்காதீங்க மாமா."

இங்குள்ள இணைய நிறுவனத்துக்கு எழுதினேன். மறுநாளே ஒருவர் வந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றினார், கருவியை மாட்டினார், "அல்ட் இ ஓர்டன்" என்றார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். ஒழுங்காக இருந்தால் என் வீரன் ஏன் நகரவில்லை என்று கேட்டேன். எங்கே விளையாடுகிறீர்கள் என்றார். இந்தியாவில் என்றேன். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இந்தியா மிகத் தூரம்" என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கு அது தெரியாது என்று எண்ணிவிட்டார் போலும். தூரம் எனக்குத் தெரியும் என்றேன். ஆறுதல் சொன்னதற்கு நான் நன்றி சொல்வதாக நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு நானே இறங்கினேன். வைஃபையை விட்டுக் கேபிள் இழுத்தேன். வி.பி.என். அமைப்பில் இருந்த முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். வி.பி.என். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். பதில் என்ற பெயரில் தினம் ஒரு புது ஆள் ஒரு கேள்வி கேட்டார். கணினியை அணைத்துப் போட்டீர்களா? ரூட்டரை அணைத்துப் போட்டீர்களா? எனக்கு ரத்தம் கொதித்தது. நான் கருவூலத்தில் இருந்தவன். ஒரு பில்லில் எத்தனை குறை இருந்தாலும் அத்தனை ஆட்சேபணையையும் ஒரே தடவையில் எழுதித்தான் திருப்ப வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று ஆளை அலைய விட்டால் மெமோ வரும். உலகம் முழுக்க வாடிக்கையாளர் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு தாலுகா ஊரின் ஒழுங்கு இல்லை.

கடைசியில் என் இணைப்பு போகும் வழியைக் கணினியிடமே கேட்டேன். அது ஒவ்வொரு ஊராகப் பட்டியலிட்டது. ஆஸ்லோ, ஃபிராங்க்ஃபர்ட், கடைசியில் சிங்கப்பூர். "இந்தியா" என்று எனக்குக் காட்டிய சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. நான் தட்டுவதெல்லாம் அங்கே போய்விட்டு, மும்பையிலுள்ள ஆட்டத்தின் சர்வருக்குத் திரும்பி வருகிறது. திண்டிவனத்தில் ஏறியவனைச் செஞ்சியில் இறக்காமல் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய், வேறு பஸ்ஸில் திருப்பி அனுப்பினால் அவன் எப்போது வீடு சேர்வான்? அதுவரை வாசலை யார் காப்பது? இதை ஆதாரத்தோடு எழுதி இரண்டே கேள்வி கேட்டேன். சர்வர் எங்கே இருக்கிறது? மாற்று வழி என்ன? அதன்பின் புது ஆள்கள்கூட எழுதவில்லை. மூன்று வேலை நாள்கள் போயின. வாரங்கள் போயின. நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கொரு நினைவூட்டலும் அனுப்பினேன்.

அமாவாசையன்று நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தண்டபாணி அழைத்தான். பின்னால் ஹாரன் சத்தமும் கூட்டத்தின் கூச்சலும்.

"மாமா, மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்ல நிக்கிறேன். ஒத்தக் கால்தான் வைக்க எடம் இருக்குது. முனுசாமி பேரக் குடுத்துட்டேன்."

"இன்னும் ஒரு நாள் பொறுக்கக் கூடாதாடா?"

"நான் பொறுப்பேன், அந்த கேம் பொறுக்குமா? வந்து பேசறேன்."

லைன் கட்டானது. இந்த முறை என் பக்கத்தில் இல்லை.

நண்பகலில் மின்னஞ்சல் வந்தது. இந்திய முகவரி வழங்கும் எங்கள் சர்வர் இந்தியாவில் இல்லை, இது குறைபாடு அல்ல, வடிவமைப்பே அப்படித்தான் என்று எழுதியிருந்தார்கள். கீழே ஒரு யோசனை. இந்தியாவில் உங்களுக்குச் சொந்த வீடு இருந்தால் அங்கே இணைய இணைப்போடு சிறிய ரூட்டர் ஒன்றை வைத்து, அதன் வழியாகவே ஆடலாம், தாமதம் வெகுவாகக் குறையும்.

வீடு இருக்கிறது. செஞ்சியில், கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பூட்டி இருக்கிறது. சாவி தண்டபாணியின் பெயின்ட் கடை ஆணியில் தொங்குகிறது. மூன்று நாளில் சொல்லியிருந்தால் அவனே திறந்து ரூட்டரை மாட்டியிருப்பான். ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். புது சீசனின் அணிப் படத்தில், வடக்கு வாசலில் என் வீரனின் உடையிலேயே முனுசாமி நின்றிருந்தார். திரையின் ஓரத்தில் நான் இந்தியாவில் இருப்பதாகப் பச்சை எழுத்து. மின்னஞ்சலை அச்செடுத்து, கோப்பில் வைக்குமுன் பழக்க தோஷத்தில் மேல் மூலையில் எழுதினேன்: பதில் பெறப்பட்ட நாள், மாசி அமாவாசை.