உள்ளே விடாத துணி

என் நாத்தனாரைப் பேராசைக்காரி என்று சொல்பவர்கள் எல்லாரும் அதற்கு ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். இல்லாத வீட்டில் பிறந்தவள், அதனால்தான் கண்டதையும் சேர்த்து வைத்தாள் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வீட்டில் பிறந்தவர்தான் அவளுடைய தம்பி, என் வீட்டுக்காரர். போட்டிருக்கும் சட்டையை யாராவது கேட்டால் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்று உடம்போடு வந்து நிற்பார். அவளுக்கு அந்த ஆசை எப்போது, எதைப் பார்த்து வந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நான்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை அது. ஜன்னலோரம் நீள மேசை. நல்ல வெளிச்சம் விழும் இடம். அங்கே நின்று துணி வெட்டுவது என் நாத்தனார். கடையில் எல்லாருக்கும் அவள் கத்திரி அண்ணி. காதோரம் சாக்குக்கட்டியைச் செருகிக்கொண்டு, துணியை அடுக்கிப் போட்டு வெட்ட ஆரம்பித்தால் கத்திரி போகிற போக்கில் அவளுடைய தாடையும் கூடவே அசையும். அசைபோடும் மாடு மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாளே தவிர நிறுத்த மாட்டாள்.

வெட்டியது போக மிஞ்சும் துண்டு வெட்டியவளுக்குச் சேரும். அது அந்தக் கடையின் வழக்கம். மேசைக்கு அடியில் ஒரு சாக்குமூட்டை இருக்கும், துண்டெல்லாம் அதில் விழும். ஆனால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மிஷின் எண்ணெய் துடைக்க ஒருத்தி கேட்பாள், தலையணையில் அடைக்க இன்னொருத்தி கேட்பாள். "எடுத்துட்டுப் போ, எனக்கெதுக்குக் குப்பை" என்பாள். பல வருஷம் அப்படித்தான் இருந்தாள். இல்லாமை காரணமென்றால் அப்போதே அல்லவா சேர்த்திருக்க வேண்டும்?

பிறகு வேலை கூடியது. இரண்டாவது மேசை போட்டார்கள். அதற்கு வந்தவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அவளைச் சின்னவள் என்போம். சட்டை வெட்டும் வேலை அவளுக்கு, கவுன் வெட்டுவது நாத்தனாருக்கு. சின்னவள் வெட்டுவது ஆமை வேகம். ஆனால் தன் பங்குத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுப்போட்டு, கடையின் பின்ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். கட்டம் கட்டமாக, நீலமும் வெள்ளையுமாக. கடைக்காரர் மனைவி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது குப்பையில இருந்தா வந்துச்சு? எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடும்மா."

நாத்தனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்திரி போய்க்கொண்டுதான் இருந்தது. தாடை மட்டும் நின்றுவிட்டது. அந்த ஆசை பிறந்தது அப்போதுதான். வேறு எப்போதாவது என்று யாராவது சொன்னால் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

மறுநாளிலிருந்து யார் துண்டு கேட்டாலும் இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது தன் மூட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டுவாள். போகிற வழியில் சின்னவள் மூட்டையையும் தெரியாமல் படுகிற மாதிரி ஒரு தட்டு.

"என்னடி, உன் மூட்டை மாசமா இருக்கா?"

"உங்களுது ரெட்டைப் புள்ளை மாதிரி இருக்கே அண்ணி" என்பாள் சின்னவள், வாய்க்குக் குறைவில்லாதவள்.

மூட்டையைப் பெருக்க நாத்தனார் கண்ட வழிதான் வினையாகப் போனது. பிள்ளைகள் வளருமே என்று, அளவு கொடுக்கும்போதே தாய்மார்கள் "உள்ளே துணி விட்டுத் தைங்க" என்று சொல்வார்கள். அடுத்த வருஷம் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பது எங்கள் கடையின் வாக்கு. உள்ளே மடித்து விடும் அந்தத் துணியில்தான் அவள் கைவைத்தாள். முதலில் ஒரு விரல் அகலம் குறைத்தாள். பிறகு தையல் பிடிக்க மட்டும் விட்டாள். தைப்பவர்கள் முனகினால் துணி அகலம் குறைவாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மிச்சமெல்லாம் நீளநீளமான பட்டையாக மூட்டைக்குள் போயிற்று.

அதை வைத்து அவள் ஒன்றும் தைக்கவில்லை. அவளுக்கு வெட்டத்தான் தெரியும், ஊசி பிடிக்க வராது. வீட்டில் கட்டிலுக்கடியில் அடுக்கினாள். இடம் போதாமல் கட்டில்காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். இன்னொரு மூட்டை வந்தால் தன் மூக்கு கூரையில் இடிக்கும் என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் புலம்பினார். இதையெல்லாம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"அவ மூட்டையில எவ்வளவு இருக்கு, பாத்தியா?" என்றாள். அதுதான் பதில்.

அடுத்த பள்ளிக்கூட வருஷம் பிறந்தது. தாய்மார்கள் கவுன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல் பிரிப்பதும் என் வேலைதான். பிரித்தேன், உள்ளே துணி இல்லை. அடுத்ததிலும் இல்லை. சட்டைகளில் எல்லாம் இருந்தது. கவுனை வெட்டியது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும் என்றாள் நாத்தனார். சரிசெய்து கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுத் துணி வாங்கிச் சேர்க்கலாம் என்றால் இந்த வருஷத்துச் சாயம் வேறு, பழைய நீலத்தோடு ஒட்டாது.

சின்னவள்தான் சொன்னாள், பழைய வெட்டுத்துண்டு கிடைத்தால் ஒட்டுப்போட்டுப் பக்கவாட்டில் பட்டி வைத்துவிடலாம் என்று. எல்லாரும் நாத்தனாரைப் பார்த்தோம்.

"எங்கிட்ட ஏது? எல்லாம் அப்பவே குப்பைக்குப் போயாச்சு."

செங்கல் வைத்த கட்டில் என் கண்முன்னால் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க மேசையே போயிடும் அண்ணி."

"போகட்டும். என் துணிய அவ கையில குடுத்து, அவ தைச்சு, எல்லாரும் அவள மெச்சறத நான் நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

அவளுடைய பிழைப்பு, பெயர், உயிராக வைத்திருந்த ஜன்னலோர இடம் எல்லாம் ஒரு பக்கம். சின்னவளுக்குக் கிடைக்கப்போகிற ஒரு பாராட்டு மறு பக்கம். அவள் தராசில் அந்தப் பாராட்டுத்தான் கனமாக இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்காரர் கோபப்படவில்லை. ஜன்னலோர மேசைக்கு இனி சின்னவங்க வரட்டும் என்று மட்டும் சொன்னார். சின்னவள் தயங்கித் தயங்கித் தன் கத்திரியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். நாத்தனார் அந்தக் கத்திரியையே பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தொலைந்தது, இனி வரமாட்டாள் என்று நினைத்தோம்.

வந்தாள். தள்ளுவண்டி நிறைய மூட்டை. பின்னால் அவள் வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னிக்குத்தான் என் கட்டில் தரைக்கு வந்துச்சு" என்று என் காதில் சொன்னார்.

நாத்தனார் மூட்டைகளைச் சின்னவள் காலடியில் கவிழ்த்தாள். கருநீலப் பட்டைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன.

"இந்தா, ஒட்டுப்போடு. கத்திரிய எடு. அது என் மேசை."

சின்னவள் தன் கத்திரியை எடுத்துக்கொண்டாள். அவள் ஒட்டுப்போட, இவள் பட்டைகளை நேராக்கி வெட்டிக் கொடுக்க, கவுன்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. வந்த தாய்மார்கள் பட்டியைத் தடவிப் பார்த்துச் சின்னவளைத்தான் புகழ்ந்தார்கள். நாத்தனார் நின்று கேட்டாள். தாடை அசையவில்லை. மேசை அவளுக்கே மிஞ்சியது.

அவள் மனம் திருந்திக் கொண்டுவந்து கொட்டினாள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேர்க்க வைத்த பொறாமைதான் கொட்டவும் வைத்தது. எனக்கு அவள் மேல் பிரியம் உண்டு, அதற்காக இல்லாததைச் சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் மீந்த துண்டுகளைச் சின்னவள் இரண்டு மூட்டையாகப் பங்கு பிரித்து, அண்ணி மேசைக்கடியில் ஒன்றும் தன் மேசைக்கடியில் ஒன்றுமாக வைத்தாள். எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் தன் மூட்டையைக் காலால் ஒரு தட்டு தட்டினாள். நடந்துபோய்ச் சின்னவள் மூட்டையை ஒரு தட்டு. சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது. திரும்பி வந்து தன்னுடையதை இன்னொரு தட்டு.