கண்ணாடி இல்லாமல் வாசித்த கடிதம்

எங்கள் ஊர்க் கூடைப்பந்து வீரர், பின்னாளில் வானொலி வர்ணனையாளர், இறந்த முப்பத்தோராம் நாள் கட்டுகஸ்தோட்டையில் ரசிகர்கள் கூடினோம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பேச்சிலேயே ஆட்டத்தைச் சொல்வார். ஒருவர் பழைய ஒலிப்பதிவைப் போட்டார்.

"தாவுறான் பாருங்க, போட்டுட்டான்யா!"

மண்டபமே சிரித்தது, சிலர் அழுதார்கள்.

"அப்பறம் ஏன் செய்தி வாசிக்கிற மாதிரி பேச ஆரம்பிச்சாரு?" என்று ஒருவர் கேட்டார்.

அவருடைய மனைவி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "யாரோ பேர் போடாம எழுதுனது. சாகுற வரைக்கும் அலுமாரியில வச்சிருந்தாரு. நீங்க தமிழ் வாத்தியாராச்சே, வாசிங்க ஐயா."

வாசித்தேன். "கொழுந்து பறிக்கும் இடத்துப் பேச்சு வானொலிக்கு உதவாது. தமிழைக் கற்றுக்கொண்டு வந்து பேசவும்."

"எழுதுனவன் மட்டும் கையில கெடைச்சா..." என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் மனைவி என்னையே பார்த்தார். "கண்ணாடி போடாமலே வாசிச்சிட்டீங்களே, ஐயா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாமல் ஓர் எழுத்தும் என் கண்ணுக்குத் தெரியாது.

அவர் மனைவி கடிதத்தைத் திருப்பி வாங்கவில்லை. இப்போது அது என் அலுமாரியில் இருக்கிறது. நேற்று அதன் அடியில் என் பெயரை எழுதினேன். பார்க்க அவர்தான் இல்லை.