செண்டுமல்லிக்குத் தார்ப்பாய்

இன்றைக்கும் அந்தக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு முதலில் ஒரு பெருமூச்சு வரும், அப்புறம்தான் போட்டோ கண்ணில் படும். என் சின்ன மகள் மேடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை எதற்கென்று தெரியாமலே சிரிக்கிறார். பின்னால் வெள்ளையும் மஞ்சளுமாக நான் எழுப்பிய மேடை. அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கும் என் சம்சாரத்துக்கும் தெரியும். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மைசூரில் நான் சென்ட்ரிங் அடித்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் நஞ்சன்கூடு வரைக்கும் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்வதைச் சொல்கிறேன். கான்கிரீட் இறுகும் வரை கம்பும் பலகையுமாக அதைக் கீழிருந்து தாங்குகிற வேலைதான் சென்ட்ரிங். அனூர் என்கிற சின்ன ஊர்ப் பக்கத்திலிருந்து நாலாங்கிளாஸ் படிப்போடு வந்து, கலவைச் சட்டி தூக்கி, பார்த்துப் பார்த்தே இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டேன். நான் தாங்கிய எதுவும் இன்று வரை சரிந்ததில்லை. சரியப் பார்த்தது ஒன்றே ஒன்று, இந்தக் கல்யாண மேடை.

சின்னவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் நிச்சயமானதும் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நகை, புடவை எதுவும் நான் கேக்கல. மேடை மட்டும் சென்னா இருக்கணும். ஆபீஸ்ல எல்லாரும் வருவாங்க. போட்டோல கடைசி வரைக்கும் நிக்கறது அது ஒண்ணுதான்.” மைசூரில் வளர்ந்தவள், ‘நன்றாக’ என்பது அவள் வாயில் கன்னடத்துச் ‘சென்னா’ என்றுதான் வரும்.

“ஆகட்டும் அம்மிணி. வேற?”

“வேற ஒண்ணே ஒண்ணு. நீங்க மைக்கப் புடிக்கக் கூடாது.”

பெரியவள் கல்யாணத்தில் நன்றி சொல்வதற்காக நான் மைக்கில் இரண்டு வார்த்தை பேசியிருந்தேன். அனூரில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தால்தானே விஷயம் புரியும்? எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பந்தி கொஞ்சம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். இருந்தாலும் பிள்ளை கேட்கிறாளே என்று இரண்டுக்கும் தலையாட்டிவிட்டேன்.

மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக அலங்காரத்துக்கென்று கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். கடன் வாங்கிக் கல்யாணம் செய்வதில்லை என்பது என் வைராக்கியம். அலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்தார். செல்போனைத் தள்ளித் தள்ளிப் படம் காட்டினார். ஊர் பேர் தெரியாத பூவெல்லாம் பெட்டியில் விமானம் ஏறி வருமாம். அவர் சொன்ன தொகைக்கு நான் ஒரு வீட்டுக்குத் தளமே போட்டுக் கொடுப்பேன். தளம் பேரன் பேத்தி காலம் வரை நிற்கும். அவர் பூ மறுநாள் மத்தியானம் குப்பை வண்டி ஏறிவிடும்.

“நானே செய்யறேன்” என்றேன்.

அவர் போனதும் என் சம்சாரம் கேட்டாள். “ஏனுங்க, பூவும் கம்பியும் ஒண்ணுங்களா?”

“கட்டறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

“கட்டிப்போடுங்க, பாக்கலாம்.”

முகூர்த்தம் ஆவணியில். கௌரி பண்டிகையும் ஓணமும் நெருங்கிக்கொண்டிருந்தன. தேவராஜ மொஹல்லாவில் பூக்கடை வரிசைக்குப் போனால் விலை சொல்கிறவர்களே முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அங்கே சரத்தைக் கையை நீட்டி அளந்து கொடுப்பார்கள். பண்டிகை நெருங்க நெருங்க அந்தக் கையும் குட்டையாகிவிடும். திரும்பி வரும்போதுதான் எனக்குக் குண்டலுபேட்டை ஞாபகம் வந்தது.

அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் செண்டுமல்லி மஞ்சளாக விரிந்து கிடக்கும். எல்லாம் சாமிக்குப் போகிற பூ அல்ல. பாதிக்கு மேல் சாயம் எடுக்கிற ஆலைக்குப் போவது. அங்கே ஒரு விவசாயி வீடு கட்டும்போது நான் சென்ட்ரிங் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அவரைப் போய்ப் பார்த்தேன். நான் இல்லாவிட்டால் அவர் வீடு நின்றிருக்குமா? மார்க்கெட் விலையில் கால்வாசிக்குக் கொடுத்தார். பூப் பறித்துக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்திவிட்டு, “கூடையிலயா, மூட்டையிலயா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

கூடை என்றால் வண்டி இரண்டு நடை வரவேண்டும். அதுவும் செலவுதானே? ஆலைக்கு எல்லாரும் மூட்டையில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூட்டையிலேயே போடச் சொன்னேன். காலால் மிதித்து அமுக்கச் சொன்னதும் நான்தான். எட்டு மூட்டை, கல் மாதிரி.

திரும்பும்போது தூறல். என் சாமான் கிடங்குக்கு வந்ததும் தரையில் பலகை போட்டு, மூட்டைகளை அதன் மேல் அடுக்கி, தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்து, காற்றுக்கூட நுழையாதபடி கயிறு கட்டினேன். இத்தனை வருஷ மழையில் என் கிடங்கில் ஒரு சிமெண்டு மூட்டைகூடக் கட்டி தட்டியதில்லை. அந்தக் கை பூவையும் அதே மாதிரிதான் மூடிற்று.

வரவேற்பு மறுநாள் சாயங்காலம், முகூர்த்தம் அதற்கடுத்த நாள் காலை. வரவேற்பு நாள் காலையில் மண்டபச் சாவி கைக்கு வந்தது. என் ஆட்கள் சவுக்குக் கம்பு நட்டு மேடைச் சட்டத்தை நிறுத்திவிட்டார்கள். என் சம்சாரமும், எங்கள் வேலையில் கலவை சுமக்கிற பெண்களும் பூக்கோக்கக் கோணி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் முதல் மூட்டையை அவிழ்த்தேன்.

ஆவி வந்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. கையை உள்ளே விட்டேன், சுட்டது. பூவெல்லாம் பழுப்பாகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, அழுகல் வாடையோடு உதிர்ந்து விழுந்தது. இரண்டாவது மூட்டையும் அப்படியே. மூன்றாவதும்.

பெண்கள், மேஸ்திரியான என் முன்னால் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சம்சாரம்தான் வாயைத் திறந்தாள்.

“என்னங்க இது? பூவ அவிச்சுப்போட்டீங்களே!”

“மழைக்கு மூடினேன்.”

“பூவுக்கு மழை ஆகாதுன்னு ஆருங்க உங்களுக்குச் சொன்னா?”

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. மகள்.

“அப்பா, மேடை ஆயிடுச்சா?”

“ஆயிட்டே இருக்குது அம்மிணி.”

“ஒரு போட்டோ அனுப்புங்கப்பா.”

“இங்க சிக்னல் இல்ல” என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இல்லாத இடத்தில் எப்படிப் பேசினேன் என்று அவள் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒரு மேடை. வெறும் சவுக்குக் கம்புக்கு முன்னால் அவள் நிற்பதை ஆபீஸ் சிநேகிதிகளும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்க்கப்போகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா வேறு, மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்கிற அம்மாள். தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு மைசூர் வந்த தமிழ்க் குடும்பம். கான்கிரீட் போடும்போது கம்பு ‘சிக்’கென்று ஒரு சத்தம் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

கம்பு சத்தம் கொடுத்தால் ஓடுகிறவன் மேஸ்திரி இல்லை. முட்டுக் கொடுக்கிறவன்தான் மேஸ்திரி. எட்டு மூட்டையையும் தரையில் கொட்டச் சொன்னேன். நடுவில் இருந்ததெல்லாம் வெந்துவிட்டது. ஓரத்தில் சாக்கை ஒட்டி இருந்தவை வாடியிருந்தாலும் நிறம் போகவில்லை. புதுத் தளம் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்குப் போர்த்தி வைப்போம். அந்தச் சாக்குகள் வண்டியிலேயே கிடந்தன. அலசி, நனைத்து, மண்டபத் தரை முழுக்க விரித்து, பொறுக்கியெடுத்த பூவை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே எல்லா மின்விசிறியையும் போட்டுவிட்டேன். பரப்பும்போதே என் சம்சாரம், “இப்பவாச்சும் காத்து வுடறீங்களே” என்றாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் பூ தலையைத் தூக்கியிருந்தது. ஈரச்சாக்குக்கு இணை உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஆனால் தேறியது இரண்டு மூட்டைகூட இராது. சரம் சரமாக நெருக்கித் தொங்கவிட்டுப் பின்னால் சுவரே தெரியாமல் மூடுவது என்பது என் திட்டம். இப்போது சரத்துக்குச் சரம் ஒரு கை இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளியில் மண்டபத்துச் சுவர் தெரியும். பச்சைப் பெயிண்ட், ஈரம் பூத்த கறை, நடுவில் ஒரு ஸ்விட்ச் போர்டு.

“துணி வாடகைக்கு எடுக்கலாமா?” என்றேன்.

“இந்த நேரத்துக்கு ஆருங்க குடுப்பா?” என்றாள் என் சம்சாரம். “ஏனுங்க, நம்ம ஆளுங்களுக்கு எடுத்த வேட்டி இருக்குதுல்ல?”

என் வீட்டில் விசேஷம் என்றால் என்னிடம் வேலை செய்கிற ஆட்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது வழக்கம். முகூர்த்தம் முடிந்து, தாம்பூலத்தோடு கையில் கொடுக்கவேண்டும். பச்சையும் ஜரிகையும் ஓடுகிற கரை வைத்த எட்டு முழ வேட்டிகள், பெட்டி நிறைய, மண்டபத்து அறையிலேயே இருந்தன.

“அது அவங்களுக்குக் குடுக்கற துணி. கட்டி, ஓட்டை போட்டு…”

“ஓட்டை எதுக்குங்க? கம்புமேல மடிச்சுப் போட்டா நிக்காதா? வூடு கட்டற மேஸ்திரிக்கு ஒரு வேட்டி தொங்கவுடத் தெரியலீங்களா?”

சுற்றியிருந்த பெண்களுக்கு அதுவரை அடக்கிய சிரிப்பு மொத்தமாக வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபோதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

அவள் ஒவ்வொரு வேட்டியாகக் கொசுவம் வைத்துக் கொடுக்க, நான் ஏணியில் நின்று மேல் கம்பில் போட்டேன். ஆணி இல்லை, குண்டூசி இல்லை. மேலிருந்து விழுகிற பூச்சரத்தையே வேட்டி மேல் சுற்றிக் கட்டி நிறுத்தினேன். கரை எல்லாம் நேர்க்கோடாகக் கீழே இறங்கவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தேன். எந்த அலங்காரக்காரர் தூக்குக் குண்டு பிடிப்பார், சொல்லுங்கள். வாசலுக்கு வாழைமரமும் மாவிலையும் போதுமென்று விட்டுவிட்டோம். ஸ்விட்ச் போர்டு ஒரு வேட்டிக்குப் பின்னால் போய்விட்டது. விளக்கைப் போட்டதும் வெள்ளையில் ஜரிகை மின்னியது, நடுவில் மஞ்சள் சரங்கள் இறங்கின. நான் தரையில் இறங்கி நின்று பார்த்தேன். என் சம்சாரமும் வந்து பக்கத்தில் நின்றாள்.

“கம்முனு இருக்கீங்க?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்குது.”

“நல்லா இருக்குது. அம்மிணி வந்து சொல்லட்டும்.”

சாயங்காலம் மகள் வந்தாள். வாசலிலேயே நின்று மேடையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினாள். பின்பக்கம் போய் ஒரு மடிப்பைத் தொட்டாள், இழுத்தாள், குனிந்து பார்த்தாள். கீழ் ஓரத்தில் ஜவுளிக்கடைச் சீட்டு ஒன்று கிழிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“அம்மா! இது வேட்டியா?”

“கத்தாதடி. உங்கொப்பன் பூவ அவிச்சுப்போட்டாரு. வேற என்ன பண்றது?”

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மை கலைந்துவிடும் என்று அழகுபடுத்த வந்த பெண் ஓடிவந்தாள். “சென்னா இருக்குப்பா” என்றாள் மகள், மூச்சு வாங்கிக்கொண்டு. “நெஜமா. நான் நெனச்சதவிட சென்னா இருக்கு.” அங்கேயே, மேடைப் படியிலேயே, நான் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வரவேற்பு தொடங்கி, கூட்டம் நிறைந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நின்றபோது மாப்பிள்ளையின் அம்மா மேலே போனார். மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கம்பு மறுபடி ‘சிக்’கென்ற மாதிரி இருந்தது.

“தும்ப சென்னாகிதே” என்றார் அந்த அம்மாள், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில். “பளிச்சுனு, கோயில் மாதிரி இருக்கு. யாரும்மா டெக்கரேட்டர்? எங்க நாத்தனார் பொண்ணுக்கும் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கா.”

அதே நேரத்தில் மைக்செட்காரர் என்னிடம் வந்து, “சார், ரெண்டு வார்த்தை பேசறீங்களா?” என்று மைக்கை நீட்டினார். கை தானாகவே அதை வாங்கிவிட்டது. குண்டலுபேட்டையிலிருந்து ஆரம்பித்தால் சரியாக இருக்கும் என்று தோன்றியது. நிமிர்ந்தால், மேடையிலிருந்து மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவள் மாமியாரிடம் கையை நீட்டிக் காட்டினாள். “டெக்கரேட்டர் அதோ நிக்கறார் பாருங்க அத்தே, மைக்கப் பாத்துக்கிட்டு. எங்கப்பா.”

சொல்லிவிட்டு, அந்தக் கடைச் சீட்டு ஞாபகம் வந்திருக்கவேண்டும், மறுபடி சிரித்தாள். போட்டோக்காரர் பிடித்தது அதைத்தான்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் வேட்டிகளை அவிழ்த்து மடித்து, ஆட்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன். செண்டுமல்லிச் சாயம் நீள நீளமாக இறங்கியிருந்தது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை. அடுத்த தளம் போட்ட அன்று எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அந்த மஞ்சள் கோட்டு வேட்டியிலேயே வந்து நின்றார்கள். “மேஸ்திரி, தார்ப்பாய் எடுக்கட்டுங்களா?” என்று ஒருவன் கேட்டான். சாரமெல்லாம் சிரிப்பு.

சிரிக்கட்டும். மகள் கேட்ட மேடை நின்றது. மைக்கில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிட்டேன். எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.