அப்பாவின் நீலத் தகரம்

அப்பாவின் சமாதியைக் காணோம். திரையில் வெறும் பச்சைக் கூழ்.

பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது அந்த மயானம். சமாதிமேல் தம்பி நீலத் தகரக் கூரை போட்டிருந்தான். அலோர் ஸ்டாரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் செயற்கைக்கோள் படங்களைச் சேமிக்கிறோம். போன மாதம் இதே படத்தில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தேன். இப்போது இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன்; கூழ்தான் பெரிதானது.

உடன் வேலை செய்பவன் எட்டிப் பார்த்தான்.

“இடம் பத்தலன்னு புது சிஸ்டம் போட்டோம்லக்கா. கட்டடம் இருந்தா அப்படியே வைக்கும். வெறும் செம்பனைன்னா சுருக்கி மங்கலாக்கிடும்.”

“பழைய படம்?”

“டிலீட் ஆயிருச்சு. ஆளே இல்லாத இடம்தானே லா.”

ஆளே இல்லையாம்! ஆத்திரத்தில் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவின் படத்தைத் திறந்தேன். ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடம். விடுமுறை நாளில் எடுத்தது போலிருக்கிறது. ஒரு காரில்லை, ஓர் ஆளில்லை.

தரையில் போட்ட வெள்ளைக் கோடுகள் மட்டும் ஒன்று விடாமல் பளிச்சென்று தெரிந்தன.