கிரானில் குத்திய ஊசி

எங்கள் வகுப்பில் ஒருவருக்குக்கூடச் சுனாமி ஞாபகமில்லை. தண்ணீர் வந்தபோது எங்களில் பாதிப்பேர் ஏணையில் கிடந்தோம், மீதிப்பேர் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தோம். ஆனாலும் யாராவது கேட்டால் கண்ணால் கண்டவர்கள் போலக் கதை அளப்போம். அப்பா என்னைத் துவாயில் சுற்றிக்கொண்டு தென்னையில் ஏறித் தப்பினார் என்று நான் சொல்லித் திரிந்தேன். அப்பாவுக்குத் தென்னை ஏறவே தெரியாது.

இந்தக் கதைகளைக் கேட்டுக் களைத்துப்போய்த்தானோ என்னவோ, எட்டாம் ஆண்டில் எங்களுக்கு வந்த வரலாற்று ரீச்சர் ஒரு செயற்றிட்டம் தந்தார். ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிந்து, குழுவுக்கு ஒரு வீதியாக எடுத்து, சுனாமியில் ஆளை இழந்த வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, தண்ணீர் வந்தபோது நின்ற இடம், கடைசியாகக் கண்டவர். பிறகு பெரிய வரைபடம் ஒன்று செய்து, ஒவ்வொருவர் நின்ற இடத்திலும் ஒரு சிவப்புக் குண்டூசி குத்த வேண்டும். மார்கழி விடுமுறைக்கு முன் கண்காட்சி. கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து புள்ளி போடுவார்கள் என்றும் ரீச்சர் சொன்னார்.

குரல் பெரிது என்பதால் நான்தான் குழுத் தலைவி. எங்கள் வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்ததில் எனக்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், பெருமையாக இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா. கடற்கரை நினைவுக் கல்லில் அவருடைய பெயர் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மாமி மற்றவர்களோடு போய் அங்கே விளக்கேற்றுவார். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, மாமி மட்டும் அவசர வேலை இருப்பவர் போல முதலாவதாக வீடு திரும்பிவிடுவார்.

மாமாவின் படிவத்தில் மூன்றாவது பெட்டிதான் என் உயிரை எடுத்தது. அம்மாவைக் கேட்டேன், கடற்கரையில் நின்றார் என்றார். அப்பாவைக் கேட்டேன், சந்தைக்குப் போயிருந்தார் என்றார். மாமியைக் கேட்டபோது, அடுப்பில் சோறு கரியுது என்று எழுந்து போனார். சோறு கரியவில்லை, உலை அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மற்றக் குழுக்கள் படிவங்களை ஒப்படைத்துவிட்டன. என் வீட்டுப் படிவமே முடியாவிட்டால் தலைவிக்கு என்ன மரியாதை?

கடைசியில் மாமியின் மகனைப் பிடித்தேன். மச்சான் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மாமியின் வயிற்றில் இருந்த காலத்திலேயே தகப்பனைப் பறிகொடுத்தவன். அவன் யோசிக்கவேயில்லை.

“அப்பா சைக்கிள்ல கிரானுக்குப் போனவர். வெள்ளாமை வெட்டுக்கு. அம்மா என்னட்டச் சொன்னவ.”

வயிற்றில் இருந்தபோதே தகப்பனை இழந்தவனுக்குத் தண்ணீர் வந்தபோது மூன்று வயது என்பதை நான் கணக்குப் பார்க்கவில்லை. அவனும் பார்த்ததாகத் தெரியவில்லை. பெட்டி நிரம்பியது, அதுதான் முக்கியம்.

வரைபடத்தை எங்கள் குழுவிலிருந்த ரஜிதா வரைந்தாள். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையில் தாள் ஒட்டி, வலப்பக்கம் கடலுக்கு நீலம், நடுவில் வாவிக்கு இளநீலம், இடப்பக்கம் வயல் வட்டைகளுக்கு நல்ல பச்சை. தண்ணீர் வந்த எல்லைக்குக் கறுப்பு நூல் ஒட்டினோம். பெயர்களைக் குழுவில் எழுத்து அழகான சுகந்தன் அழியாத மையில் முத்து முத்தாக எழுதினான். சிவப்பு ஊசிகள் எல்லாம் கடலோரமாக நெருங்கி நிற்க, மாமாவின் ஊசி மட்டும் இடப்பக்க மூலையில், கிரானில், பச்சைக்கு நடுவே தனியாக நின்றது. அது எனக்கு அழகாகவே இருந்தது.

கண்காட்சிக்கு முதல்நாள் மாலை ரஜிதா பலகையைத் தள்ளி நின்று பார்த்தாள். அவளுடைய தகப்பன் வயல் செய்பவர்.

“கிரானுக்கு எங்க புள்ள சுனாமி வந்த?” என்றாள். “மறுகா, மார்கழியில ஆரு வெள்ளாமை வெட்டுற? பயிர் பச்சையாத்தானே நிக்கும்.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலே தெரியும், அந்த மாதம் எங்கள் ஊரில் கதிர்கூட வந்திருக்காது. ஐந்து பேருடைய புள்ளியும் என் மாமாவால் போகப்போகிறது. பெயரையே எடுத்துவிடலாம் என்றால் சுகந்தன் அழியாத மையில் எழுதித் தொலைத்திருந்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஊசியைப் பற்றிச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“ஆரு உனக்குக் கிரான் எண்டு சொன்ன?”

மச்சான் பெயரைச் சொன்னேன். அம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்தி நான் கண்டதில்லை.

“விடிஞ்சதும் போய் அந்த ஊசியைக் கழட்டு. மாமா கடக்கரையில நிண்டவர். ஆரு கேட்டாலும் அதுதான். வேற கதை கதைச்சியெண்டா மாமியைப் பிடிச்சிக்கிட்டுப் போயிருவாங்க.”

ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பின்னாளில் அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குக் கிட்டத்தட்ட நான்கு வருடம் முன்பு, சண்டைக் காலத்தில், மாமா கிரானுக்கு வெள்ளாமை வெட்டப் போனார். வழியில் யாரோ மறித்ததாகக் கேள்வி. பிறகு ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. அப்படிப் போனவர்களுக்கு மரணப் பத்திரம் கிடைக்காது. இருக்கிறார் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. குடும்ப அட்டைப் படிவம் முதல் எல்லாவற்றிலும் மாமி அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு அயலவர் இருவர் சாட்சி சொல்லி, கிராம சேவகர் கையெழுத்துப் போட்டால் பத்திரம் கிடைத்தது. மாமி மாமாவைக் கடலில் போனவராக எழுதிக்கொடுத்தார்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. மாமியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும் தெரியும், அதற்குக் காரணம் நான் குத்திய ஊசி என்பதும் தெரியும். கண்ணை மூடினால் மாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். விடிந்ததும் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடி, ஊசியைப் பிடுங்கிக் கடற்கரையில் மற்ற ஊசிகளுக்கு நடுவே குத்தினேன். ஆனால் ரெஜிபோமின் வெள்ளை, பச்சைக்கு நடுவே ஒரு புள்ளியாகத் தெரிந்தது. விரலால் தேய்த்தேன். ஓட்டை இன்னும் பெரிதானது. வர்ணம் ரஜிதாவிடம் இருந்தது, அவளோ இன்னும் வரவில்லை. அவள் வந்தபோது கண்காட்சி பார்க்கப் பெற்றோரும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

கல்வி அலுவலகத்து அதிகாரி சேரோடு எங்கள் கிராம சேவகரும் வந்ததைக் கண்டதும் நான் ரஜிதாவின் பின்னால் ஒதுங்கினேன். அரசாங்கத்தில் எங்கள் ஊரில் பிடிக்க அதிகாரமுள்ளவர் அவர்தான் என்பது என் எண்ணம். அவர்கள் ஒவ்வொரு குழுவாகக் கேள்வி கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாமி மண்டபத்துக்குள் வந்தார். நான் அழைக்கவில்லை, அம்மாவும் அழைத்திருக்க மாட்டார்.

மாமி நேராக எங்கள் பலகைக்கு வந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மாமாவின் பெயரில் கண் நின்றது. பிறகு கடலோரத்து ஊசிகளைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவருடைய பார்வை மெல்ல வாவியைக் கடந்து, வட்டைகளைக் கடந்து, மூலைக்குப் போனது.

“இதென்ன மகள், இந்த ஓட்டை?”

“பிழையாக் குத்திட்டன் மாமி. நேத்து ஊசி அதிலதான் நிண்டது,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமி ஓட்டையின்மேல் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்துச் சேரும் கிராம சேவகரும் எங்கள் முன்னால் வந்து நின்றார்கள். சேர் வரைபடத்தைப் பார்க்கக் குனிந்தார். மாமி விலகவில்லை. விரலையும் எடுக்கவில்லை. எனக்கு மனப்பாடம் செய்த விளக்கம் முழுதும் மறந்துபோனது. கிராம சேவகர் மாமியைப் பார்த்தார், அந்த விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “மற்றக் குழுவைப் பாப்பம் சேர், நேரம் போகுது,” என்று அவரை அழைத்துக்கொண்டு அப்பால் போனார்.

தப்பினோம் என்று மூச்சு விட்டேன். சேர் ஓட்டையைக் கண்டுவிடாமல் மாமி சமயோசிதமாக மறைத்து எங்கள் புள்ளியைக் காப்பாற்றினார் என்றே நம்பினேன். ஆட்கள் போன பிறகும் மாமி விரலை எடுக்காமல் நின்றது ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பத்திரத்திலும் கல்லிலும் கடைசியாக எங்கள் பலகையிலும் மாமா கடற்கரையில்தான் நின்றார். அவர் உண்மையாகவே போன இடத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஓட்டை ஒன்றுதான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அன்று எனக்கு அவசரம். ரஜிதாவிடம் பச்சை வர்ணத்தை வாங்கி, “கையைக் கொஞ்சம் எடுங்க மாமி,” என்றேன். மாமி எடுத்தார். தூரிகையை நன்றாகத் தோய்த்து, ஒன்றுக்கு இரண்டு தரம் பூசி ஓட்டையை மூடினேன். சுற்றியிருந்த பச்சையோடு அது அப்படியே சேர்ந்துவிட்டது.

“இப்ப ஒண்டும் தெரியாது மாமி,” என்றேன், அவர் சந்தோஷப்படுவார் என்று.