மூன்றாவது தூண்

சிக்மாஸ் முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தைப் பராமரிப்பவர். லிதுவேனியாவின் மேற்கு ஓரத்தில், ஆற்றுக்கு எல்லைப் பக்கத்துக் கரையில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் நான்கு கிலோமீட்டரில், தாய்நாட்டிலிருந்து பிரிந்து தனித் துண்டாகக் கிடக்கும் ரஷ்ய நிலம். மகளும் பேரப்பிள்ளைகளும் அக்கரையில். எங்கள் ஊரில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாலம் கடக்க வேண்டும். சிக்மாஸும் தன் மனைவி அல்டோனாவைத் தூக்கினார். மூன்றாவது தூணுக்கு மேலே மூச்சு வாங்க இறக்கிவிட்டதை அவள் இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

கடலுக்கு அப்பால் இருக்கும் வல்லரசை நம்பிக் கைகட்டி உட்கார்ந்தது போதும், ஐரோப்பாவை இனி ஐரோப்பாதான் காக்க வேண்டும் என்று பெரிய நகரங்களில் பேசி முடித்தார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? அந்த முடிவு ஓர் ஏப்ரல் காலையில் ராணுவ ஜீப்பில் வந்து சிக்மாஸின் பாலத்தில் இறங்கியது. எதிரி வந்தால் பாலத்தைத் தகர்க்க வேண்டும். வெடிமருந்தை மாட்டுவதற்கான கொக்கிகளை இப்போதே பொருத்த வேண்டும். பாலத்தின் வரைபடங்களோ சோவியத் காலத்தோடு தொலைந்திருந்தன.

"ஐயா, எந்தத் தூண்ல வெச்சா முழுசா விழும்?" என்று கேட்டாள் லெப்டினன்ட் உக்னே.

ஒரு குளிர்காலத்தில் பனிப்பாளம் மோதி மூன்றாவது தூண் உள்ளே பிளந்திருந்தது. சிமென்ட் பூசி அடைத்தவரே அவர்தான்; அங்கே வைத்தால் பாலம் முழுசாக விழும் என்று அவருக்குத் தெரியும்.

"முதல் தூண்ல வைங்கம்மா," என்றார். பாலத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

சாயங்காலம் உருளைக்கிழங்கு அடையைத் தொடாமல் அல்டோனாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"முதல் தூண் வெடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அவள்.

"ஓரம் உதிரும். வண்டி போகும். நாம அக்கரைக்குத் தப்பிச்சிடலாம்."

"நம்ம வண்டி போனா டாங்கியும் போகும்ல? நேரா மக வீட்டு வாசலுக்கு. அதுக்கா வழி விட்டுட்டு வந்திருக்கே?"

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு மட்டும் இங்க மாட்டிக்க ஆசையா?" என்றாள். "போய் உண்மையைச் சொல்லு."

மறுநாள் உக்னேவுக்கு மூன்றாவது தூணைத் தட்டிக் காட்டினார். அவர் வீடு எந்தக் கரை என்று அவள் கேட்டாள். எல்லைப் பக்கத்துக் கரையை மோவாயால் காட்டினார். அவள் தொப்பியைக் கழற்றினாள்; நேற்று ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. சிப்பாய்கள் துளையிட்டது அவர் பூசி அடைத்த அதே இடத்தில். ஆனாலும் ஏணியை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக் கதவோரம் இரண்டு பைகள் தயாராக இருந்தன.

"ஆபத்துன்னா என்னைத் தூக்கிட்டுப் போவியா?" என்று கேட்டாள் அல்டோனா.

"இப்ப உன்னைத் தூக்கினா முதல் தூணையே தாண்ட மாட்டேன்."

"நடந்தே வரேன். பாலம் இருக்கும்போதே எழுப்பு, அது போதும்."

அன்றிலிருந்து சிக்மாஸ் இரண்டு ஜோடி காலணிகளையும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்.